மூலையில் முளைக்கும் முரட்டுப் பல்!

நாக்கின் நுனியைப் பின்பக்கம் வளைத்து, கீழ்வரிசையில் கடைசிப் பல்லைத் தொட்டுப் பாருங்கள்.

முன்னால் இருக்கும் நடுப் பல்லில் இருந்து எண்ணிக்கொண்டு போனால், அது ஏழாவது பல்லா, எட்டாவது பல்லா?

எட்டாவது பல் என்றால், அதுதான் ஞானப்பல். ஏழோடு நின்று விட்டால், ஞானப்பல் இல்லை என்று அர்த்தம் அல்ல. அது ஈறுக்கு அடியில், தாடை எலும்புக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டு இருக்கலாம். சிலருக்கு அது உண்டாவதே இல்லை. அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்!

மற்றப் பற்கள் எல்லாம் பதின்மூன்று வயதுக்குள் முளைத்து விடுகின்றன. இந்தப் பல் மட்டும் 17 வயதில் இருந்து 25 வயதுக்குள் வருகிறது. அறிவு வருகிற வயதில் வருவதால் ஞானப்பல் என்று பெயர். ஜப்பான்காரர்கள் இதற்கு வைத்துள்ள பெயரின் பொருள், "பெற்றோர் அறியாதது". அந்தக் காலத்தில் பிள்ளைக்கு இந்தப் பல் முளைக்கும்போது தாய், தகப்பன் உயிரோடு இருப்பது அரிது என்பதால் அப்படிப் பெயர் வந்ததாம். கொரியா நாட்டில் இதற்குக் "காதல் பல்" என்று பெயர். காதல் வரும் வயதில் வருகிறது, வலியும் அப்படியே!

இடம் இல்லாத வீடு

இந்தப் பல் ஏன் இவ்வளவு தொல்லை கொடுக்கிறது?

இடம் இல்லை. அதுதான் காரணம்.

ரெயில் பெட்டியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு கடைசியில் ஒருவர் ஏறுகிறார். இருக்கை நிறைந்து விட்டது. அவர் என்ன செய்வார்? பக்கத்தில் இருப்பவரை நெருக்குவார். அல்லது குறுக்கே படுத்துக் கொள்வார். ஞானப்பல்லும் அதையே செய்கிறது.

சில பற்கள் முன்பக்கம் சாய்ந்து, முன்னால் இருக்கும் ஏழாவது பல்லின் முதுகில் முட்டுகின்றன. பெரும்பாலானோருக்கு இப்படித்தான். சில பற்கள் கட்டில் மேல் படுத்தது போல முழுவதும் படுத்து விடுகின்றன. சில நேராக நின்றாலும் மேலே வர முடியாமல் பாதியில் நிற்கின்றன. சில பின்பக்கம் சாய்கின்றன. பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் இந்தக் கடைசி வகைதான் எடுப்பதற்கு மிகக் கடினமானது. காரணம், தாடை எலும்பின் செங்குத்தான பகுதி பின்னால் சுவர் போல நிற்கிறது. பல்லை எந்தப் பக்கம் நெம்பினாலும் அது சுவரில் போய் முட்டும்.

இப்படிப் பற்களை வகை பிரித்துச் சொன்னவர், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த டாக்டர் ஜார்ஜ் விண்டர். கீழ் ஞானப்பல்லைப் பற்றி மட்டுமே 1926-ல் அவர் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ஒரே ஒரு பல்லுக்கு ஒரு புத்தகமா என்று கேட்கலாம். அதைப் பிடுங்கிப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

பாதி முளைத்த பல்தான் ஆபத்து

முழுவதும் முளைத்த பல்லால் தொல்லை இல்லை. முழுவதும் எலும்புக்குள் புதைந்த பல்லும் பெரும்பாலும் சும்மா கிடக்கும். பாதி முளைத்து, பாதி ஈறுக்குள் இருக்கிறதே, அந்தப் பல்தான் வில்லங்கம்.

பல்லின் மேல் ஈறு ஒரு மடல் போல மூடிக்கொண்டு இருக்கும். மடலுக்கு அடியில் சோற்றுப் பருக்கை போய்ச் சேரும். பிரஷ் அங்கே எட்டாது. கிருமிகள் பெருகும். மடல் வீங்கும். மேல் பல் வேறு அதன் மேல் வந்து கடிக்கும்.

ஒரு வீட்டில் நடப்பதைக் கற்பனை செய்து பார்ப்போம். மகளுக்கு 22 வயது. காலையில் எழுந்ததும் தாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள்.

"அம்மா, வாயைத் திறக்க முடியவில்லை. எச்சில் விழுங்கினால் காது வரைக்கும் வலிக்கிறது."

பாட்டி கூடத்தில் இருந்து குரல் கொடுக்கிறாள்: "ஞானப்பல் முளைக்குதடி! ஒரு கிராம்பை எடுத்து அதக்கிக்கொள். இரண்டு நாளில் சரியாய்ப் போகும்."

பாட்டி சொல்வதில் பாதி உண்மை. கிராம்பில் உள்ள எண்ணெய் சிறிது நேரம் வலியை மரக்கச் செய்யும். வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளித்தால் வீக்கம் கொஞ்சம் தணியும். இரண்டு, மூன்று நாளில் வலி போய் விடுவதும் உண்டு. ஆனால் ஈறு மடல் அங்கேயே இருக்கிறது. பருக்கை மறுபடியும் போகும். அடுத்த மாதமோ, அடுத்த பரீட்சைக்கு முதல் நாளோ, வலி மறுபடியும் வரும்.

சிலர் வலி மாத்திரையை விழுங்காமல் பல்லின் பக்கத்தில் அதக்கிக் கொள்கிறார்கள். ஆஸ்பிரின் மாத்திரையை அப்படி வைத்தால் ஈறு வெந்து வெள்ளையாகி விடும். புகையிலையை வைத்து அடக்குகிறவர்களும் உண்டு. வலிக்கு மருந்து தேடிப்போய் வேறு நோயை விலைக்கு வாங்குகிற வேலை அது.

சாதாரண ஈறு வலி என்று இருந்து விடலாமா? கூடாது. கீழ் ஞானப்பல்லில் வந்த சீழ், தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் இறங்கக் கூடும். 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மானிய டாக்டர் இந்த நிலையைப் பற்றி எழுதினார். நாக்குக்கு அடியில் பலகை போல வீங்கி, நாக்கு மேலே தள்ளப்படும். மூச்சு அடைத்து விடும். பென்சிலின் போன்ற மருந்துகள் வருவதற்கு முன், இந்த வீக்கம் கண்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்து போனார்கள். இன்று மருந்து இருக்கிறது; ஆனால் நேரத்தோடு போக வேண்டும். தாடைக்கு அடியில் வீக்கம், விழுங்க முடியாமை, பேச்சுக் குழறல், காய்ச்சல், மூச்சுத் திணறல் — இவை கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் விட வேண்டும்.

சிரிப்பு வாயுவும் ஒரு சோகக் கதையும்

பல் பிடுங்குவது என்றால் இன்றும் பலருக்கு நடுக்கம். ஆனால் 180 ஆண்டுகளுக்கு முன்னால் எப்படி இருந்திருக்கும்? நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பேர் பிடித்துக் கொள்வார்கள். மூன்றாவது ஆள் குறடால் பிடுங்குவார். மரமரப்பு ஊசி கிடையாது.

1844-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி இரவு. அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரில் ஒரு வேடிக்கைக் காட்சி நடந்தது. கோல்ட்டன் என்பவர், விரும்புகிறவர்களுக்குச் "சிரிப்பு வாயு" கொடுத்தார். அதைச் சுவாசித்தவர்கள் மேடையில் ஆடினார்கள், சிரித்தார்கள். ஒரு வாலிபர் துள்ளிக் குதித்துப் பெஞ்சியில் மோதினார். காலில் காயம்; ரத்தம் வழிந்தது. அவரோ ஒன்றும் தெரியாமல் வந்து உட்கார்ந்தார்!

கூட்டத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். பெயர் ஹொரேஸ் வெல்ஸ். வயது 29. எல்லோரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள். அவர் மட்டும் காயம் பட்ட காலைப் பார்த்தார்.

"இந்த வாயுவைக் கொடுத்து விட்டுப் பல்லைப் பிடுங்கினால்?"

மறுநாளே சோதித்தார். யார் மேல்? தன் மேலேயே! வெல்சுக்கு ஒரு ஞானப்பல் தொல்லை கொடுத்துக் கொண்டிருந்தது. கோல்ட்டன் வாயுவைக் கொடுத்தார். ரிக்ஸ் என்ற மற்றொரு பல் டாக்டர் பல்லைப் பிடுங்கினார். வெல்ஸ் கண் விழித்தார். குண்டூசி குத்தின வலி கூட இல்லை என்று சொல்லி ஆனந்தப்பட்டார்.

அடுத்த மாதம், 1845 ஜனவரியில், பாஸ்டன் நகருக்குப் போய் டாக்டர்களுக்கும் மாணவர்களுக்கும் முன்னால் இதைச் செய்து காட்டினார். துரதிர்ஷ்டம்! வாயுவைச் சீக்கிரம் எடுத்து விட்டார்கள் போலும். பல்லைப் பிடுங்கும்போது நோயாளி கத்தி விட்டார். பிறகு அந்த நோயாளியே அதிக வலி தெரியவில்லை என்று சொன்னார். யார் கேட்டார்கள்? "புரட்டு! புரட்டு!" என்று மாணவர்கள் கூச்சல் போட்டார்கள். வெல்ஸ் தலை குனிந்து வெளியேறினார்.

1846 அக்டோபர் 16-ந் தேதி, அதே பாஸ்டனில், வெல்சின் பழைய கூட்டாளியான மார்ட்டன், ஈதர் என்ற மருந்தைக் கொடுத்து மயக்கி வெற்றி கண்டார். உலகமே மார்ட்டனைப் புகழ்ந்தது. வெல்ஸ் மனம் உடைந்தார். குளோரோபாரம் என்ற மருந்தைத் தானே சுவாசித்துச் சோதனை செய்து, அதற்கு அடிமையானார். புத்தி தடுமாறிய நிலையில் நியூயார்க்கில் தெருவில் போன பெண்கள் மேல் திராவகத்தை வீசினார். போலீசார் சிறையில் அடைத்தனர். தெளிவு வந்ததும் செய்ததை நினைத்துத் துடித்தார். 1848 ஜனவரி 24-ந் தேதி சிறையிலேயே உயிரை மாய்த்துக் கொண்டார். அப்போது அவருக்கு வயது 33.

1864-ல் அமெரிக்கப் பல் டாக்டர்கள் சங்கம், மயக்கம் கொடுத்துப் பல் எடுப்பதைக் கண்டுபிடித்தவர் வெல்ஸ்தான் என்று தீர்மானம் செய்தது. ஹார்ட்போர்டு பூங்காவில் இன்றும் அவர் சிலை நிற்கிறது. அவரை மனைவியும் மகனும் சிறையில் இருந்து மீட்டு வந்திருக்கக் கூடாதா என்று படிப்பவர் மனம் ஏங்கத்தான் செய்யும்.

ஒரு ஊசி, பாதி உதடு

இப்போது ஞானப்பல் எடுக்க எல்லோருக்கும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. தாடையின் உட்பக்கத்தில் ஒரு ஊசி போடுகிறார்கள். சில நிமிடத்தில் அந்தப் பக்கத்துக் கீழ்வரிசைப் பற்களும் பாதி உதடும் மரத்துப் போகின்றன. உதடு தடித்துப் போனது போலத் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் தடிக்கவில்லை!

இந்த ஊசிக்கும் ஒரு கதை உண்டு. 1884-ல் கண்ணை மரக்கச் செய்யக் கொக்கேயின் உதவும் என்று வியன்னாவில் கார்ல் கோல்லர் கண்டார். அதே ஆண்டு நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜனும் அவர் நண்பர்களும் கொக்கேயினைத் தாடை நரம்பின் அருகே செலுத்திப் பார்த்தார்கள். வெற்றிதான். ஆனால் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்த ஹால்ஸ்டெட், கொக்கேயினுக்கு அடிமையாகி வெகுகாலம் தவித்தார். 1943-ல் சுவீடன் நாட்டில் லோஃப்கிரென் என்பவர் லிக்னோகெயின் என்ற மருந்தைச் செய்தார். அவருடைய துணைவர் லுண்ட்குவிஸ்ட் அதைத் தன் உடம்பில் போட்டுக் கொண்டு சோதித்தார். இது பழக்கமாகி அடிமைப்படுத்தும் மருந்து அல்ல. பல் ஆஸ்பத்திரிகளில் இன்றும் பெரும்பாலும் போடுகிற ஊசி இதுதான்.

பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய் விடும் என்று கிராமங்களில் மட்டும் அல்ல, பட்டணத்திலும் சொல்கிறார்கள். இது வெறும் பயம். பார்க்கும் நரம்பு வேறு. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. ஞானப்பல்லை எடுத்ததால் பார்வை மங்குவதில்லை.

ஆனால் கவனிக்க வேண்டிய நரம்புகள் இரண்டு உண்டு. ஒன்று, பல்லின் வேருக்கு அடியில் எலும்புக்குள் ஒரு குழாய் வழியாக ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். மற்றொன்று, பல்லுக்கு உட்பக்கம், நாக்கை ஒட்டி, ஈறுக்கு அடியிலேயே ஓடுகிறது. சிலருக்கு எலும்புக்கும் அந்த நரம்புக்கும் நடுவே மெல்லிய சவ்வு மட்டுமே இருக்கிறது. இதில் அடிபட்டால் நாக்கில் பாதி மரத்துப் போகும். பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் உணர்ச்சி திரும்பி விடும். நிரந்தரமாக மரத்துப் போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. குறைவுதான், ஆனால் அந்த ஒருவர் தாமாக இருந்து விட்டால்? ஆகவே இதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். கேட்பதில் தவறு இல்லை. கேட்கிற நோயாளியைக் கோபிக்கிற டாக்டரிடம் பல்லைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

எக்ஸ்ரே படம் பார்த்தால் வேர் எவ்வளவு ஆழம், நரம்புக் குழாய் எவ்வளவு பக்கம் என்று தெரியும். 1896 ஜனவரியில், எக்ஸ்ரே கண்டுபிடித்த செய்தி வந்த சில நாட்களுக்குள், ஓட்டோ வால்காப் என்ற ஜெர்மானியப் பல் டாக்டர் தன் பற்களையே படம் எடுத்தார். 25 நிமிடம் ஆடாமல் அசையாமல் கிடந்தார்! இன்று முழுத் தாடையையும் ஒரே படமாக எடுக்க அரை நிமிடம் கூட ஆவதில்லை.

பல்லை எடுப்பது எப்படி?

முளைத்த பல்லைக் குறடால் பிடித்து அசைத்து எடுத்து விடலாம். புதைந்த பல்லில் குறடு எங்கே பிடிப்பது? அங்கேதான் ஆபரேஷன் வருகிறது.

முதலில் ஈறைக் கீறுகிறார்கள். ஏழாவது பல்லின் கழுத்தை ஒட்டிக் கீறி, உறையைத் திறப்பது போல ஈறை விலக்குவது ஒரு முறை. முன்பக்கத்தில் கீழ்நோக்கி இன்னொரு கீறல் போட்டு, முக்கோணத் துணி மாதிரி மடித்து விடுவது மற்றொரு முறை. இரண்டாவதில் இடம் நன்றாகத் தெரியும். முதலாவதில் கீறல் குறைவு. பல்லின் ஆழத்தைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

ஈறை விலக்கினால் எலும்பு தெரியும். எலும்பு பல்லை மூடி இருந்தால், சுழலும் சிறு துளைக் கருவியால் பல்லைச் சுற்றி வாய்க்கால் போலத் தோண்டுகிறார்கள். தோண்டும்போது உப்பு நீரைப் பீய்ச்சிக் கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உராய்வில் எலும்பு சூடேறிக் கருகும். கருகிய எலும்பு ஆறாது.

பிறகு பல்லைத் துண்டாக்குகிறார்கள். இது பலருக்குத் தெரியாத சங்கதி. பெரிய பீரோவைச் சின்ன வாசல் வழியாக வெளியே கொண்டு வர வேண்டும் என்றால், வாசலை இடிப்பீர்களா, பீரோவைப் பிரிப்பீர்களா? பல்லின் தலையைத் தனியாக, வேரைத் தனியாக வெட்டி, ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தால் எலும்பை அதிகம் வெட்ட வேண்டாம். எலும்பு எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவு விரைவில் புண் ஆறும்.

துளைக் கருவிக்கு முன்பு உளியும் சுத்தியலும்தான். இங்கிலாந்தில் கெல்சி ஃப்ரை என்ற சர்ஜன் கையாண்ட உளி முறையை, 1956-ல் டெரன்ஸ் வார்ட் என்ற சர்ஜன் விரிவாக எழுதினார். தச்சர் மரத்தின் நாரோட்டம் பார்த்துப் பிளப்பது போல, எலும்பின் ஓட்டத்தைப் பார்த்து நாக்குப் பக்கத்து எலும்பைப் பிளந்து, பல்லை உட்பக்கமாகச் சாய்த்து எடுக்கும் முறை அது. கை தேர்ந்தவர் செய்தால் சில நிமிடத்தில் முடிந்து விடும். எலும்பு இளசாக உள்ள சின்ன வயதுக்காரர்களுக்குப் பொருத்தம். ஆனால் நாக்கு நரம்பு அந்தப் பக்கம்தானே ஓடுகிறது! அது சிறிது காலம் மரத்துப் போவது இந்த முறையில் அதிகம். சுத்தியல் அடியை விழித்திருக்கும் நோயாளி தாங்க மாட்டார். முழு மயக்கம் வேண்டும். ஆகவே இன்று பெரும்பாலோர் துளைக் கருவியையே நாடுகிறார்கள்.

வேர் நரம்புக் குழாயைச் சுற்றிக்கொண்டு இருந்தால்? அதற்கும் வழி உண்டு. பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து விட்டு, வேரை எலும்புக்குள்ளேயே விட்டு ஈறை மூடி விடுகிறார்கள். 1984-ல் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட ஒரு கட்டுரை இந்த முறையை எடுத்துச் சொன்னது. "பாதிப் பல்லை விட்டு விட்டாரே!" என்று உறவினர்கள் டாக்டரைத் திட்டலாம். விட்டது மறதியால் அல்ல, உதட்டைக் காப்பாற்றத்தான். விட்ட வேர் நாளடைவில் சிறிது மேலே வருவது உண்டு. அப்போது நரம்பை விட்டு விலகி இருக்கும். வேண்டுமானால் எடுத்து விடலாம்.

கடைசியில் பள்ளத்தை நன்றாகக் கழுவி, ஈறைத் திரும்ப மூடித் தையல் போடுகிறார்கள். துளி இடம் இல்லாமல் இறுக்கித் தைப்பதா, பின்னால் சிறு இடைவெளி விடுவதா என்று டாக்டர்களுக்குள் பேதம் உண்டு. இடைவெளி விட்டால் உள்ளே ஊறும் நீர் வெளியே வந்து விடும். வீக்கமும் வலியும் குறைகின்றன என்று பல ஆராய்ச்சிகளில் தெரிகிறது. இறுக்கித் தைத்தால் பார்க்க அழகாக இருக்கும். கடைசிப் பல்லின் அழகை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

ரத்தக் கட்டிதான் காவலாளி

பல் போன பள்ளத்தில் ரத்தம் நிறைந்து உறைகிறது. இந்த உறைந்த ரத்தத்தை அழுக்கு என்று நினைக்கக் கூடாது. புண்ணுக்கு அதுதான் மூடி. அதுதான் காவலாளி.

டாக்டர் வைத்த பஞ்சை அரை மணி, முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அன்று முழுவதும் காறித் துப்பக் கூடாது. வாய் கொப்பளிக்கக் கூடாது. இளநீரையும் சர்பத்தையும் குழல் போட்டு உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் ரத்தக் கட்டி பிடுங்கிக்கொண்டு வந்து விடும். எச்சிலில் கொஞ்சம் சிவப்பு தெரிந்தால் பயம் இல்லை. வாய் நிறைய ரத்தம் வந்தால் சுத்தமான துணியைச் சுருட்டிப் புண்ணின் மேல் வைத்துக் கடித்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.

அன்று கன்னத்தின் வெளிப்பக்கம் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். சூட்டு ஒத்தடம் அன்று கூடாது. ஆறிய கஞ்சி, மோர் சாதம், பாலில் ஊறிய இட்லி போதும். உதடு மரத்திருக்கும்போது எதையும் மெல்லக் கூடாது. உதட்டையே கடித்து விடுவோம். மறுநாளில் இருந்து வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் வைத்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, மெதுவாக வெளியே விட வேண்டும்.

வீக்கம் மறுநாள் கூடும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் அதிகம். "எடுத்த அன்றைக்கு நன்றாக இருந்தாளே, இப்போது இப்படி வீங்கி இருக்கிறதே!" என்று வீட்டில் பதறுவார்கள். இது இயற்கை. அதன் பிறகு குறைய வேண்டும். நாலாம், ஐந்தாம் நாளிலும் கூடிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். வாயை முழுவதும் திறக்க ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகலாம்.

புண்ணின் மேல் வெள்ளையாக, மஞ்சளாக ஒரு ஏடு படியும். சீழ் என்று நினைத்துச் சிலர் விரலால் சுரண்டுகிறார்கள். ஐயோ, வேண்டாம்! அது புண் ஆறுவதற்காக உடம்பே போடுகிற திரை.

ரத்தக் கட்டி போய் விட்டால் என்ன ஆகும்? மூன்றாம், நாலாம் நாளில் தாங்க முடியாத வலி வரும். காது வரை இழுக்கும். வாய் நாறும். பள்ளத்தில் எலும்பு வெறுமையாகத் தெரியும். "உலர்ந்த குழி" என்று இதற்குப் பெயர் வைத்தவர் கிராபோர்டு என்ற அமெரிக்கர்; 1896-ல் அப்படி எழுதினார். மற்றப் பற்களை எடுத்தால் நூற்றில் சிலருக்குத்தான் வரும். புதைந்த கீழ் ஞானப்பல்லை எடுத்தவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு அதிகம். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இன்னும் அதிகம். பள்ளத்தைக் கழுவி மருந்துத் துணி வைத்தால் வலி அடங்கும். அந்த மருந்துத் துணிகள் பலவற்றில் இருப்பது என்ன தெரியுமா? பாட்டி சொன்ன கிராம்பில் இருந்து எடுக்கும் எண்ணெய்ச் சத்துதான்!

எல்லாம் ஒழுங்காக நடந்தால், ஒரு வாரத்தில் ரத்தக் கட்டி இருந்த இடத்தில் சிவந்த புதுச் சதை ஏறுகிறது. தையலைப் பிரிக்கிறார்கள். தானே கரையும் நூல் என்றால் அதுவும் வேண்டாம். மூன்று, நாலு வாரத்தில் ஓரத்தில் இருந்து ஈறு வளர்ந்து மூடுகிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் அடியில் இளம் எலும்பு நிறைகிறது. அதற்கு மேல் சில மாதங்கள் எலும்பு தன்னைத் தானே திருத்திக் கொள்கிறது. அந்த நாட்களில் பள்ளத்தில் சோறு புகுவது உண்டு. டாக்டர் சொன்ன பிறகு, முனை வளைந்த பிளாஸ்டிக் பீய்ச்சியால் நீர் விட்டுக் கழுவலாம்.

ஏழாவது பல்லையும் கவனியுங்கள்

ஞானப்பல் போன பிறகும் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. முன்னால் உள்ள ஏழாவது பல்லின் முதுகு. பல ஆண்டுகள் ஞானப்பல் அதில் முட்டிக்கொண்டு இருந்ததால் அங்கே எலும்பு கரைந்து இருக்கும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பை போலப் பள்ளம் விழும். சின்ன வயதில் எடுத்தவர்களுக்கு எலும்பு பெரும்பாலும் திரும்ப வளர்ந்து விடுகிறது. 26 வயதைத் தாண்டியவர்களுக்கு அவ்வளவு நன்றாக வளர்வதில்லை என்று சுவீடன் நாட்டு ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் எல்லோரும் சின்ன வயதிலேயே எடுத்து விட வேண்டுமா? இங்கேதான் டாக்டர்கள் இரு கட்சி. அமெரிக்காவில் தொல்லை வருவதற்கு முன்பே எடுக்கும் வழக்கம் அதிகம். இங்கிலாந்தில் 2000-ம் ஆண்டில், நோய் இல்லாத ஞானப்பல்லை எடுக்கக் கூடாது என்று அரசாங்க அமைப்பு ஒன்று விதி சொல்லி விட்டது. பல் சும்மா இருக்கும்போது கத்தியை எடுப்பானேன் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் சும்மா விட்ட பல்லை அவ்வப்போது பார்த்துக்கொண்டாவது இருக்க வேண்டும். பார்க்காமல் விட்டால் ஞானப்பல் முட்டிய இடத்தில் ஏழாவது பல் சொத்தையாகி, இரண்டு பற்களும் போக நேரிடும்.

அந்த 22 வயதுப் பெண்ணிடம் திரும்புவோம். முதலில் மருந்து கொடுத்துச் சீழையும் வீக்கத்தையும் தணிப்பார்கள். பிறகு எக்ஸ்ரே. வலப்பக்கத்துப் பல் முன்னால் சாய்ந்து முட்டுகிறது, எடுக்க வேண்டியதுதான். இடப்பக்கத்துப் பல் நேராக முளைத்து மேல் பல்லோடு ஒழுங்காகச் சேருகிறது. அதைத் தொட வேண்டாம் என்று டாக்டர் சொல்லி விடுவார்.

பல்லை எடுத்து வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்பாள்: "பல் எங்கேடி? கூரை மேல் எறிய வேண்டாமா?"

காகிதத்தைப் பிரித்துக் காட்டினால் மூன்று துண்டு இருக்கும்.

"இது பால் பல் இல்லை பாட்டி, திரும்ப முளைக்க!" என்பாள் பேத்தி, பஞ்சைக் கடித்தபடியே.

"பேசாதேடி, ரத்தம் வரும்!" என்பாள் பாட்டி.